தேளுக்குப் பக்கத்தில் ஒரு விமானம்

1

எங்கள் சமையல்கூடத்தில் செய்தி வாசிப்பவர் சிவகிரி அண்ணாச்சி. அவர்தான் தலைமைச் சமையல்காரர். காலைச் சாப்பாட்டு வண்டி கிளம்பிப் போன பிறகு வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்து வாசிப்பார். அன்றைக்கு அவர் வாசித்தது இது: நாங்கள் வேலை பார்க்கும் இந்த நாட்டுக்குப் போர் விமானங்களும், அதில் மாட்டுகிற ஏவுகணைகளும், உதிரி பாகங்களும் விற்பதற்கு அமெரிக்க அரசாங்கம் சம்மதித்திருக்கிறது. அதைத் தன் பாராளுமன்றத்துக்கு முறைப்படி அறிவித்திருக்கிறது.

எந்த நாடு என்று நான் எழுதப்போவதில்லை. படைத்தளத்தைப் பற்றி எழுதினால் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். வளைகுடாவில் ஒரு நாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மணல் இருக்கிறது, வெயில் இருக்கிறது, ஒரு படைத்தளம் இருக்கிறது. அதன் சுவருக்கு வெளியே எங்கள் சமையல்கூடம். உள்ளே இருப்பவர்களுக்கு மூன்று வேளையும் நாங்கள் ஆக்கி அனுப்புகிறோம். அவர்களுடைய விமானங்களை நாங்கள் அடிவயிற்றுப் பக்கமாக மட்டும் பார்த்திருக்கிறோம்.

"நம்ம நாட்டுக்கு நல்ல காலம் வே," என்றார் அண்ணாச்சி.

"எந்த நாட்டுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"சோறு போடுத நாட்டுக்குத்தான்."

"சோறு நாமல்லா போடுதோம்."

"ஏலே நாயகம், வாயக் கொறச்சுக்கிட்டு வெங்காயத்த உரி."

இந்த அறிவிப்பு என்றால் என்ன என்று அவரே விளக்கினார். அந்த ஊர்ச் சட்டப்படி, இன்னாருக்கு இன்ன ஆயுதம் விற்கப்போகிறோம் என்று அரசாங்கம் முன்கூட்டியே பாராளுமன்றத்திடம் சொல்ல வேண்டுமாம். மறுப்பு இருந்தால் சொல்வதற்கு அவர்களுக்குக் கொஞ்ச நாள் அவகாசம் தர வேண்டுமாம். யாரும் வாய் திறக்காவிட்டால் சம்மதம் என்று அர்த்தமாம். இந்த விற்பனையால் இந்தப் பக்கத்து நாடுகளின் படைபலம் ஏறவோ இறங்கவோ செய்யாது என்றும் அதில் எழுதியிருந்ததாம். அப்படியென்றால் எதற்கு வாங்குகிறார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். வெங்காயம் நிறைய இருந்தது. கேட்கவில்லை.

அண்ணாச்சி அடுத்த வரியை வாசித்தார். "இதுக்காகக் கூடுதலா ஆளு அனுப்ப வேண்டிய அவசியம் இல்லன்னு போட்டிருக்கான்."

கத்திச் சத்தமெல்லாம் நின்றுவிட்டது. எங்கள் கம்பெனியின் காண்ட்ராக்ட் முடியப்போகிற நேரம். புதுப்பித்தால் இருப்போம், இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டவேண்டியதுதான். ஆள் வேண்டாம் என்று அமெரிக்காவே சொல்லிவிட்டதென்றால் யாரிடம் போய் முறையிடுவது?

அண்ணாச்சி எங்கள் முகங்களைப் பார்த்துச் சிரித்தார். "ஏ வெளங்காத மூதிகளா, அது அவன் ஆளுவளச் சொல்லுதான். நம்மள எவன் எண்ணுதான்? பிளேன் வந்தா நிறுத்தக் கொட்டகை வேணும். கொட்டகை கட்ட ஆளு வேணும். ஆளுக்குச் சோறு வேணும். சோத்துக்கு யாரு?"

எல்லாருக்கும் உயிர் வந்தது. தங்களை யாரும் எண்ணவில்லை என்று கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதர்களை நான் பார்த்ததில்லை. நானும் சந்தோஷப்பட்டேன்.

அந்த நேரத்தில் தளத்திலிருந்து விமானங்கள் கிளம்பத் தொடங்கின. கிளம்பினால் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. சூப்பர்வைசர் தன் கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ஆட்கள் பின்வாசல் வழியாக பீடி பிடிக்கப் போவார்கள். நான் மட்டும் அண்டாவைக் கிண்டிக்கொண்டு உள்ளேயே நிற்பேன். எனக்கு அது ஒரு சத்தமாகவே தெரிவதில்லை.

அண்ணாச்சி திரும்பி வந்து சொன்னார்: "ஒங்க அண்ணன் மொத ஆளா வெளிய ஓடிருவாம்லே. நீ என்னன்னா அடுப்பக் கட்டிக்கிட்டு அழுத."

2

எங்கள் ஊர் சங்கரன்கோவில். நான் கோமதிநாயகம். அண்ணன் சங்கரநாராயணன். இரண்டும் கோயில் தந்த பெயர்கள். பஸ் ஸ்டாண்டில் நின்று "சங்கரு" என்று கூப்பிட்டால் பாதிப் பேர் திரும்புவார்கள். "கோமதி" என்று கூப்பிட்டால் மீதிப் பேர் திரும்புவார்கள்.

எட்டாம் வகுப்போடு நான் தறிக்கு வந்துவிட்டேன். அம்மா ஏற்கனவே அங்கேதான் இருந்தாள், அண்ணனும் அங்கேதான். விசைத்தறி ஓடுகிற கூடத்துக்குள் பேச்சு காதுக்கு வராது. உதட்டைப் பார்த்துத்தான் பேச வேண்டும். இது யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. ஒரு மாதம் நின்றால் வந்துவிடும். குரலே இல்லாமல் ஏசலாம், கேலி பண்ணலாம், கூடத்தின் அந்தக் கோடியில் இருப்பவனிடம் டீ சொல்லலாம். அம்மா வீட்டுக்கு வந்த பிறகும் பாதி நேரம் குரல் போடாமலே பேசுவாள். புதிதாகக் குடிவந்தவர்கள் அவள் எந்நேரமும் சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு மரியாதையாக நடந்தார்கள்.

அண்ணன்தான் முதலில் இங்கே வந்தான். இதே சமையல்கூடத்துக்கு, சோறு வேகிற பெரிய அடுப்புக்கு. போன வருடம், புழுதிக் காற்று அடித்த ஒரு நாள், காலையிலிருந்தே ஒரு விமானமும் கிளம்பவில்லையாம். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தி வைத்துக்கொண்டு சமைத்திருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அடுப்படியிலேயே சரிந்துவிட்டான். அண்ணாச்சிதான் தூக்கியிருக்கிறார்.

வீட்டு நம்பர் என்று கம்பெனியில் அண்ணன் கொடுத்திருந்தது தறி முதலாளியின் நம்பர். எங்கள் போனில் சிம் மாறிக்கொண்டே இருந்ததால் நிலையான நம்பர் எதுவும் அப்போது இல்லை. முதலாளி போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுக் கூடத்து வாசலில் வந்து நின்றார். நல்ல மனிதர். தறிகளை நிறுத்தச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. பழக்கம் அப்படி. அம்மா நிமிரும்வரை காத்திருந்து உதட்டால் சொன்னார்:

"சங்கரு எறந்துட்டானாம்."

அம்மாவும் உதட்டால் கேட்டாள்: "எந்தச் சங்கரு?"

கேட்க வேண்டிய கேள்விதான். அந்தக் கூடத்திலேயே வேறு சங்கர்கள் இருந்தார்கள். அதில் ஒருவன் முதலாளியின் உதட்டைப் படித்துவிட்டுத் தன் தறியிலிருந்து பயந்துபோய்ப் பார்த்தான்.

"ஒங்க சங்கரு," என்றார் முதலாளி.

நான் பக்கத்துத் தறியில் நின்றேன். எனக்குத் தனியாக யாரும் சொல்லவில்லை. நானும் படித்துக்கொண்டேன். அம்மா தன் தறியை நிறுத்தினாள். ஓர் இழை அறுந்திருந்தது. அதை முடிந்துவிட்டு வெளியே வந்தாள். மற்ற தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அம்மா அழுத சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அழுததைப் பார்த்தேன்.

பெட்டி திருவனந்தபுரத்துக்கு வந்தது. அம்மா விமானத்தைக் கிட்டத்தில் பார்த்தது அன்றைக்குத்தான். வரிசையாக ஜன்னல் வைத்த வெள்ளை விமானம். "இதுலயா வந்தான்?" என்று மட்டும் கேட்டாள். கூட வந்த காகிதத்தில், நெஞ்சு நின்றதால் மரணம் என்று இருந்தது. செத்தவர்கள் எல்லாருக்கும் அது நிற்கத்தான் செய்யும்.

காரியம் முடிந்த கொஞ்ச நாளில் கம்பெனியிலிருந்து போன் வந்தது. அண்ணன் இடம் காலியாக இருக்கிறது, தம்பி வருகிறானா என்று கேட்டார்கள். மதினிக்கு வேலை கிடையாது. அண்ணன் மகள் தர்ஷிகாவை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தாகிவிட்டது. வந்தேன். அதே கட்டில், அதே அடுப்பு. இங்கே ஆபீஸ் குமாஸ்தா எதற்கெடுத்தாலும் "மாஃபி முஷ்கில்" என்பார். ஒரு கஷ்டமும் இல்லை என்று அர்த்தம். அண்ணன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதும்போதும் அதையேதான் சொன்னார். அரபியில் நான் முதலில் கற்றுக்கொண்டது அந்த வார்த்தைதான்.

3

விமானச் செய்தி எங்கள் ஊர் டிவியிலும் வந்துவிட்டது. சாயங்காலம் அம்மா கூப்பிட்டாள்.

"எய்யா, அங்கன சண்ட ஏரோப்பிளேன் வருதாமே?"

"இப்பம் வராதும்மா. விக்கப்போறோம்னு சொல்லிருக்கான், அம்புட்டுத்தான். வந்து சேர வருசக்கணக்கா ஆகும்."

"பொறவு எதுக்கு இப்பமே சொல்லுதான்?"

"முன்கூட்டியே சொல்லணும்னு சட்டமாம்."

"நல்ல சட்டம்," என்றாள். பிறகு, "நான் அம்மன்ட்ட நேந்திருக்கேன். ஏரோப்பிளேன் செஞ்சு உண்டியல்ல போடப்போறேன்," என்றாள்.

ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கோயிலில் பாம்பு, தேள் பயம் உள்ளவர்கள் தகட்டில் வெட்டின பாம்பையும் தேளையும் வாங்கி உண்டியலில் போடுவார்கள். போட்டால் அவை வீட்டுப் பக்கம் வராது. கை கால் வலிக்காரர்கள் கை, கால் வாங்கிப் போடுவார்கள். கோயில் வாசல் கடைகளில் எல்லாம் கொத்தாகத் தொங்கும். ஏரோப்பிளேன் தொங்கி நான் பார்த்ததில்லை.

கடைக்காரரும் பார்த்ததில்லை. அம்மா போய்க் கேட்டபோது, "ஏரோப்பிளேன் கடிக்காதேக்கா," என்றாராம்.

"ஒனக்கு என்ன தெரியும்? வெட்டிக் குடு."

"எப்படி இருக்கும்னு தெரியாம எப்படி வெட்ட?"

தர்ஷிகா நோட்டுத் தாளில் வரைந்து கொடுத்திருக்கிறாள். தேள் வெட்டின தகட்டில் மிச்சம் இருந்ததை எடுத்து அதைப் பார்த்தே வெட்டியிருக்கிறார். மறுநாள் வீடியோவில் அம்மா காட்டினாள். கை அகலம்தான் இருந்தது. தகடு குறுகிவிட்டதால் வால் ஒரு பக்கமாக வளைந்து, பாதி தேளாகவே இருந்தது. உடம்பு நெடுக ஆணியால் ஓட்டை போட்டு ஜன்னல் வைத்திருந்தார்.

அண்ணாச்சி என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார். "ஏலே, இது ஆளு ஏத்துத பிளேன்லா! இத விக்கதுக்கு எந்தப் பாராளுமன்றத்துலயும் சொல்ல வேண்டாமே."

"அவளுக்குத் தெரிஞ்சது அதுதான் அண்ணாச்சி," என்றேன்.

அவர் உடனே புரிந்துகொண்டார். போனைப் பார்த்து, "நல்லா இருக்கு தங்கச்சி. ரெண்டு எஞ்சினா?" என்று கேட்டார்.

"எனக்கென்ன தெரியும் அண்ணாச்சி, பிள்ள வரஞ்சது," என்றாள் அம்மா.

தர்ஷிகா நடுவில் முகத்தை நீட்டினாள். "அங்கிள், ரியல் ஜெட் ஃபோட்டோ அனுப்புங்க. கிளாஸ்ல காட்டணும்."

சித்தப்பா என்று கூப்பிடச் சொல்லி மதினி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் எல்லா ஆணும் அங்கிள்தான். இங்கே படம் எடுத்தால் ஜெயில் என்று சொன்னேன். "வொய்?" என்றாள். போனை ஆச்சியிடம் கொடுக்கச் சொன்னேன்.

போனை வைத்ததும் அண்ணாச்சியின் முகம் மாறிவிட்டது. என்னைக் குளிர்பதன அறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"ஏலே, ஒங்க அம்மைட்ட சொல்லி அத உண்டியல்ல போடாம நிறுத்து."

"என்னத்துக்கு?"

"பாம்பு போட்டா பாம்பு வராது. தேளு போட்டா தேளு வராது. பிளேனு போட்டா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அமெரிக்காக்காரன் மறுக்க மாட்டான். அதப்பத்தி எனக்குப் பயமில்ல. அம்மன் மறுத்துட்டா யாருட்டலே போயி அப்பீலு பண்ண? எம்மக நர்சிங் முடிக்கல. காண்ட்ராக்ட் போச்சுன்னா நான் சிவகிரில போயி எலுமிச்சம்பழம் விக்கணும்."

விஷயம் சமையல்கூடம் முழுவதும் பரவிவிட்டது. வங்காளிக்கும் நேபாளிக்கும் கூட யாரோ இந்தியில் விளக்கியிருக்கிறார்கள். எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். அண்ணாச்சி அன்றைக்கே தன் வீட்டுக்குப் பேசி, விற்பனை நல்லபடியாக நடக்க வேண்டும் என்று மனைவியை அதே அம்மனுக்கு எதிர் நேர்ச்சை நேரச் சொல்லிவிட்டார். ஒரே சன்னதி, இரண்டு மனு. அமெரிக்கப் பாராளுமன்றத்துக்கு ஒரு தரப்பு மனு மட்டும்தான் போயிருந்தது.

4

என் கவலை வேறு. அண்ணனுக்குத் தலைத்திவசம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவனுக்கு ஆண்பிள்ளை கிடையாது. அப்பா முன்னாலேயே போய்விட்டார். எள்ளும் தண்ணீரும் இறைக்க நான்தான் இருக்கிறேன். வந்துவிடுவேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறியிருந்தேன்.

சூப்பர்வைசர் மலையாளி. கெட்ட மனிதர் இல்லை. லீவு கேட்டேன்.

"லீவு தராம்," என்றார். "பட்சே விசா கேன்சல் ஆகும். காண்ட்ராக்ட் புதுக்காத்த சமயமாணு. பின்னே திரிச்சு வரான் பற்றில்லா."

அதாவது, போகலாம். திரும்பி வர முடியாது. விற்பனை உறுதியாகி, புதுக் காண்ட்ராக்ட் கையெழுத்தாகிற வரைக்கும் யாருக்கும் திரும்பி வருகிற லீவு கிடையாது.

"சாரே, அண்ணனோட திவசம்."

"எந்து?"

எனக்கு மலையாளத்தில் அதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அரைகுறை இந்தியில், செத்த அண்ணனுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். அண்ணனை அவருக்குத் தெரியும். அந்த அடுப்பையும் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு, "மாஃபி முஷ்கில். ஆலோசிச்சு பற," என்றார்.

யோசித்தேன். போனால் அண்ணனுக்குத் திவசம் நடக்கும். போகாவிட்டால் அண்ணன் மகளுக்குப் பள்ளிக்கூடம் நடக்கும். அண்ணனிடம் கேட்டால் என்ன சொல்வான் என்று யோசித்தேன். அவன் எப்போதுமே என்னிடம், "ஒஞ் சோலியப் பாருலே," என்றுதான் சொல்வான். அதில் எனக்கு ஒன்றும் புலப்படவில்லை.

அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. அவள் விமானம் வரக்கூடாது என்று நேர்ந்திருக்கிறாள். அப்படி என்றால் நான் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்றுதானே அர்த்தம் என்று நினைத்துக்கொண்டேன். அவள் வேண்டுதல் பலித்தால் நான் முடிவெடுக்க வேண்டியதில்லை. வேலையே போய்விடும். உண்மையைச் சொன்னால், ஒருநாள் முழுக்க அது பலிக்கட்டும் என்றுகூட இருந்தேன். அண்ணாச்சியிடம் இதைச் சொல்லவில்லை.

5

ஒரு வெள்ளிக்கிழமை, வழக்கமில்லாத நேரத்தில், முன்பகலில் அம்மாவின் அழைப்பு வந்தது. பின்னால் கோயில் வாசல் தெரிந்தது. போனைத் தர்ஷிகா பிடித்திருந்தாள்.

"போய்க் கேளு, போட்டாச்சான்னு கேளு," என்று அண்ணாச்சி கரண்டியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

சூப்பர்வைசர் உள்ளே நின்றார். அதனால் பின்வாசல் வழியாக வெளியே போனேன். குளிர்பதன அறைக்குப் பின்னால் கொஞ்சம் நிழல் இருக்கும். பச்சைக் கதவு ஒன்று, அதற்குப் பக்கத்தில் ஒரு பழைய எண்ணெய் டின். சுவரில் சாய்ந்து நின்றேன். "எம்மா," என்றேன். அப்போது முதல் விமானம் கிளம்பியது. அதன்பின் இன்னொன்று. எனக்கு என் குரலே கேட்கவில்லை. அம்மா தர்ஷிகா கையிலிருந்து போனை வாங்கி, தன் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். கீழே எழுதுவது எதுவுமே சத்தமாகப் பேசியது அல்ல.

"போட்டாச்சா?"

"போட்டாச்சு. உண்டியல் வாய்ல வால் மாட்டிக்கிட்டு. தட்டித்தான் விழுந்துச்சு."

"எம்மா, பிளேன் வரப்பிடாதுன்னு நீ நேந்ததுக்கு இங்கன எல்லாரும் என்னய ஏசுதாங்க."

அம்மா முகத்தைச் சுளித்தாள். "வரப்பிடாதுன்னு யாரு நேந்தா?"

"பொறவு?"

"நெறைய வரணும்னுல்லா நேந்தேன்."

சரியாகப் படித்தேனா என்று தெரியாமல் திரும்பச் சொல்லச் சொன்னேன். அதையேதான் சொன்னாள்.

"ஒங்க அண்ணன் எனக்கு எப்பம் பேசுவான் தெரியுமா? ஏரோப்பிளேன் கெளம்புத நேரத்துலதான். அந்தச் சத்தத்துல யாரும் வேல சொல்ல முடியாதாம். வெளிய வந்துருவான். நான் தறில நிப்பேன். போன தறிமேல சாத்தி வச்சுக்குவேன், நீயும் பாத்திருப்ப. அவனுக்கும் கேக்காது, எனக்கும் கேக்காது. நல்லாப் பேசிக்கிடுவோம்." அவள் விரலை நீட்டினாள். "ஒனக்குப் பின்னால ஒரு பச்சக் கதவு இருக்குல்லா? அதுக்கு இந்தப் பக்கம் ஒரு டின்னு இருக்கும். அதுலதான் உக்காருவான்."

டின் படத்துக்கு வெளியே இருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன்.

"நீ ஒரு நாளும் அங்கன வந்து நின்னதில்ல. இன்னைக்குத்தான் நிக்க. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், எப்பம் பேசுனாலும் அடுப்படில இருந்தோ கட்டில்ல இருந்தோதான் பேசுத. பகல்ல நீ வெளிய வாரதே இல்ல."

"எனக்குச் சத்தம் பழக்கம்லாம்மா. அதான்."

"அன்னைக்கு ஒத்த பிளேன் போகல. நான் போன வச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டே இருந்தேன். வெளிய வந்திருந்தான்னா எங்கிட்டச் சொல்லிருப்பாம்லா, நெஞ்சக் கரிக்கும்மான்னு. உள்ள போவாதடா, உக்காருன்னு சொல்லிருப்பேன்."

இன்னொரு விமானம் போயிற்று. அம்மா அது முடியக் காத்திருக்கவில்லை. அவளுக்கு அது தேவையில்லை.

"நெறைய ஏரோப்பிளேன் வந்தா நெறையத் தடவ வெளிய வருவ. அதுக்குத்தான் நேந்தேன். அவனுவ யாருட்டயோ சண்ட போடதுக்கு வாங்குதான். போடட்டும், போடாம இருக்கட்டும். நீ காத்துல நிக்கணும்."

"பாம்பு போட்டா வராம இருக்கதுக்குல்லா?"

"அம்மனுக்குத் தெரியாதா? வெவரத்தச் சொல்லித்தான் போட்டேன்."

அப்போதுதான் லீவு விஷயத்தைச் சொன்னேன். அம்மா கண்ணை எடுக்காமல் என் உதட்டையே பார்த்தாள். முடிகிற வரைக்கும் பார்த்தாள்.

"ஒன்னய வர வையின்னு அம்மன்ட்டக் கேக்க நெனச்சேன்," என்றாள். "கேட்டு, நீ வந்துட்டா, இந்தப் பிள்ளைக்கு என்ன செய்யன்னு பயந்து கேக்கல."

அதன்பின் அவள் உதடு அசையவில்லை. விமானங்கள் முடிந்துவிட்டன. தர்ஷிகாவின் குரல் கேட்டது: "ஆச்சி, ஏன் ரெண்டு பேரும் ஒண்ணும் பேசாம இருக்கீங்க?"

உள்ளே போனதும் அண்ணாச்சி, "என்னலே சொல்லுதா?" என்றார். சொன்னேன். அவர் கரண்டியைத் திருப்பித் தரவில்லை. அன்றைக்கு அந்த அண்டாவை அவரே கிண்டி முடித்தார்.

6

பாராளுமன்றத்துக்குக் கொடுத்த அவகாசம் முடிந்தது. யாரும் மறுக்கவில்லை என்று அண்ணாச்சி வெங்காய மூட்டைமேல் இருந்து வாசித்தார். காண்ட்ராக்ட் கையெழுத்தாக இன்னும் நாளாகும். திவசம் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. நான் போகவில்லை.

அண்ணாச்சியின் மனைவி நேர்ச்சை செலுத்த சிவகிரியிலிருந்து பஸ் ஏறி சங்கரன்கோவிலுக்கு வந்திருக்கிறார். அம்மா அவரை அதே கடைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். கடைக்காரர் இந்த முறை எதுவும் கேட்கவில்லையாம். முன்னாலேயே சில விமானங்களை வெட்டித் தேளுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறாராம். எல்லாவற்றுக்கும் ஜன்னல் இருக்கிறதாம். "இத எவரு வாங்குவா?" என்று அம்மா கேட்டதற்கு, "வெளிநாட்டுல பிள்ள இருக்கவங்க வாங்குதாங்கக்கா. எதுக்குன்னு நான் கேக்கதில்ல," என்றாராம்.

திவசத்தன்று காலைச் சாப்பாட்டு வண்டி போன பிறகு அண்ணாச்சி கொஞ்சம் பச்சரிசிச் சோறு தனியாக வடித்துத் தந்தார். வாழைக்காய்ப் பொரியலும் வைத்திருந்தார். அண்ணனுக்கு வாழைக்காய் பிடிக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. என்னைவிட அதிக நாள் அவனோடு இங்கே சாப்பிட்டவர் அவர். அந்தச் சோறு வெந்தது அவன் சரிந்த அதே அடுப்பில்தான். வேறு அடுப்பு காலியாக இல்லை.

பச்சைக் கதவுக்குப் பக்கத்தில், எண்ணெய் டின்னைக் கவிழ்த்து, அதன்மேல் இலைக்குப் பதிலாக அலுமினியத் தாளை விரித்துச் சோற்றை வைத்தேன். போனைச் சுவரில் சாத்தினேன். அந்தப் பக்கம் எங்கள் வீட்டு வாசல். ஐயர் உட்கார்ந்திருந்தார். நான் இங்கிருந்து சொல்வது, தர்ஷிகா அங்கே எள்ளும் தண்ணீரும் விடுவது என்று பேசி முடித்திருந்தோம். ஐயர் முதலில் தயங்கினாராம். அவர் மகனும் துபாயில் இருப்பதால் பிறகு ஒத்துக்கொண்டாராம்.

மந்திரம் சொல்லிக்கொண்டே வந்தவர், "யாருக்குப் பண்றோமோ அவா பேரைச் சொல்லுங்கோ," என்றார்.

வாயைத் திறந்தேன். தளத்தில் முதல் விமானம் கிளம்பியது.

பெயரைச் சொன்னேன். முழுப் பெயரும் சொன்னேன். எனக்கே கேட்கவில்லை. ஐயர் போனைக் காதுக்குக் கிட்டக் கொண்டுபோனார். தர்ஷிகா போனுக்குள் முகத்தை நுழைத்து, "அங்கிள், நீங்க மியூட்ல இருக்கீங்க," என்றாள். அதையும் உதட்டில்தான் படித்தேன்.

அம்மா அவளை மெல்ல விலக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் திரும்ப ஒருமுறை சொன்னேன். அவள் ஐயர் பக்கம் திரும்பி அந்தப் பெயரைச் சொன்னாள். எந்தச் சங்கரு என்று கேட்கவில்லை.

தர்ஷிகா தண்ணீர் விட்டாள். இங்கே காக்கை கிடையாது. சத்தத்துக்குப் பறந்துபோன புறாக்கள் இன்னும் திரும்பவில்லை. டின்மேல் சோறு அப்படியே இருந்தது. அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லி, போனை எடுக்கக் குனிந்தேன்.

"உள்ள போவாத," என்றாள் அம்மா. "இன்னொண்ணு கெளம்புது பாரு."

அவள் சொல்லி முடிக்கும் முன்னால் அது தலைக்குமேல் போயிற்று. அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. நின்றேன்.